ஒரு சிறு தொழிற்சங்கக் கிளையின் வரவும் செலவும்: அமெரிக்க ‘லோக்கல்’களின் கணக்குப் புத்தகம்

தொழிற்சங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடி, ஊர்வலம், கோஷம், வேலைநிறுத்தம், தடியடி. சங்கத்தின் வரலாறு எழுதுபவர்களும் பெரும்பாலும் இவற்றையே எழுதுகிறார்கள். ஆனால் சங்க அலுவலகத்தின் மேசை இழுப்பறையில் இன்னொரு வரலாறு கிடக்கிறது. அது கணக்குப் புத்தகம். யார் சந்தா கட்டினார்கள், எத்தனை பேர் கட்டாமல் நின்றார்கள், எந்த மாதம் மலர்வளையம் வாங்கப்பட்டது, எந்த ஆண்டு அறை வாடகை பாக்கி விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு சங்கம் எப்போது உயிரோடிருந்தது, எப்போது தளர்ந்தது, எப்போது பெயரளவில் மட்டும் இருந்தது என்பதைத் தலைவர்களின் சொற்பொழிவுகளைக் காட்டிலும் இந்தப் புத்தகம் நேர்மையாகச் சொல்லும்.

அமெரிக்காவில் ‘லோக்கல்’ எனப்படும் உள்ளூர்க் கிளைகளின் வரவு செலவு காலப்போக்கில் எப்படி மாறி வந்தது என்பதை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது. சில நூறு உறுப்பினர்களுக்கும் குறைவான சிறு கிளைகளே இங்கு நம் கவனத்துக்கு உரியவை.

லோக்கல் என்பது என்ன?

அமெரிக்கத் தொழிலாளி ஒருவர் சங்கத்தில் சேரும்போது பெரும்பாலும் நேராகத் தலைமைச் சங்கத்தில் சேர்வதில்லை. தன் தொழிற்சாலைக்கோ தன் நகரத்துக்கோ உரிய கிளையில் சேர்கிறார். கிளைக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். ‘நான் லோக்கல் 144’ என்றால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். கிளைகளுக்கு மேலே தலைமைச் சங்கம் இருக்கிறது. கனடாவிலும் கிளைகள் உண்டு என்பதால் அதனை ‘இன்டர்நேஷனல்’ என்பார்கள்.

கிளைக்குத் தலைவர், செயலர், பொருளாளர், கணக்கைத் தணிக்கை செய்யும் ‘டிரஸ்டி’கள் ஆகியோர் உண்டு. டிரஸ்டிகள் பெரும்பாலும் மூவர். சிறு கிளைகளில் இவர்கள் எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் சங்க வேலை பார்ப்பவர்கள். பொருளாளர் என்பவர் கணக்காளர் அல்லர். வெல்டராகவோ தபால்காரராகவோ பேருந்து ஓட்டுநராகவோ இருப்பார்.

கிளையின் வரவு சந்தாதான். புதிதாகச் சேருபவர் கட்டும் நுழைவுக் கட்டணமும், நெருக்கடிக் காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று விதிக்கும் சிறப்பு வசூலும் அவ்வப்போது சேரும். செலவில் முதல் இடம் தலைமைச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய தலைவரிக்கு. நம் ஊர்த் திருவிழாக்களில் வாங்கும் தலைக்கட்டு வரியைப் போல, உறுப்பினர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று கிளை மேலே செலுத்த வேண்டும். தொழிலாளி கட்டும் சந்தாவில் பெரும்பகுதி ஊரில் தங்குவதில்லை என்பதைப் பல உறுப்பினர்களே அறிவதில்லை.

சுருட்டுத் தொழிலாளர் கற்ற பாடம்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சங்கங்களின் ஆயுள் குறுகியது. நல்ல காலத்தில் முளைக்கும். ஒரு வேலைநிறுத்தம் தோற்றாலோ, வணிகம் மந்தமானாலோ மறைந்துவிடும். 1873-இல் வந்த பொருளாதார வீழ்ச்சியில் சுருட்டுத் தொழிலாளர் சர்வதேசச் சங்கம் கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று. 1877-இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் நடந்த பெரிய சுருட்டு வேலைநிறுத்தமும் தோற்றது.

அந்தத் தோல்வியிலிருந்து இருவர் பாடம் படித்தார்கள். ஒருவர் அடால்ஃப் ஸ்ட்ராசர். மற்றவர் லண்டனில் பிறந்து 13 வயதில் நியூயார்க் வந்த சாமுவேல் காம்பர்ஸ். நியூயார்க் லோக்கல் 144-இன் தலைவராக இருந்த இவர், பின்னாளில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். ஆவேசத்தால் மட்டும் சங்கம் நிற்காது, கையிருப்பு வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இங்கிலாந்துச் சங்கங்களைப் பார்த்து, 1879-இல் தொடங்கி சில ஆண்டுகளில் சங்கத்தின் நிதி அமைப்பையே மாற்றினார்கள்.

சந்தாவை உயர்த்தினார்கள். அதற்கு ஈடாக உறுப்பினருக்கு வேலைநிறுத்தப் படி, நோய்ப் படி, இறப்பு நிதி, வேலை தேடி வேறு ஊர் செல்பவருக்குப் பயணக் கடன் ஆகியவற்றைத் தந்தார்கள். பின்னர் வேலையின்மைப் படியும் சேர்ந்தது. சங்கத்தை விட்டுப் போனால் இவை எல்லாம் போய்விடும் என்பதால், வணிகம் மந்தமான காலத்திலும் உறுப்பினர்கள் சந்தாவை விடாமல் கட்டினார்கள். 1893-இல் மீண்டும் ஒரு வீழ்ச்சி வந்தபோது, முந்தைய வீழ்ச்சியில் மடிந்தது போல இச்சங்கங்கள் மடியவில்லை.

இதைவிடவும் வியப்பானது ‘நிதிச் சமன்’ என்ற ஏற்பாடு. கிளைகளின் கையிலிருக்கும் பணம் முழுவதும் சங்கம் முழுவதற்கும் பொது என்று கருதப்பட்டது. ஆண்டுக்கொருமுறை எல்லாக் கிளைகளின் கையிருப்பையும் கூட்டி, தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். சராசரிக்கு மேல் வைத்திருக்கும் கிளை, குறைவாக வைத்திருக்கும் கிளைக்கு மீதியை அனுப்ப வேண்டும். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத தொழிலாளி நோயில் விழுந்ததற்கு இன்னோர் ஊர்க் கிளையின் பணம் உதவியது. இதன் மறுபக்கமும் உண்டு. கிளை தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாது. சங்க விதிக்குப் புறம்பாக வேலைநிறுத்தம் செய்தால் பணம் கிடையாது. பணப்பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரமும் இருக்கும் என்பது அன்றே தெளிவாயிற்று.

சுருட்டுத் தொழிலாளர் பற்றிப் பேசும்போது இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுருட்டு சுற்றும் வேலையில் கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. எனவே ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். நியூயார்க் பட்டறைகளில், படிப்பவருக்குக் கூலி இழப்பு ஏற்படாதபடி மற்றவர்கள் தாங்கள் சுற்றிய சுருட்டுகளில் சிலவற்றை அவர் கணக்கில் சேர்த்ததாகக் காம்பர்ஸ் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் குடியேறிய கியூபத் தொழிலாளர்கள் இதற்கென ‘லெக்தோர்’ என்ற வாசிப்பாளரையே அமர்த்தினார்கள். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் செர்வான்டெஸ், யூகோ, ஸோலா. வாசிப்பாளரின் சம்பளத்தை முதலாளி தரவில்லை. தொழிலாளர்களே வாரந்தோறும் தலைக்குச் சில காசுகள் போட்டுக் கொடுத்தார்கள். பணம் தங்களுடையது என்பதால் எதைப் படிப்பது என்பதையும் தாங்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். 1931-இல் ஆலை முதலாளிகள், தீவிரவாத எழுத்துக்கள் படிக்கப்படுகின்றன என்று கூறி வாசிப்பு மேடைகளை அகற்றினார்கள். எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் வெற்றி பெறவில்லை. மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது.

சுருட்டு சுற்றும் இயந்திரமும் சிகரெட்டும் சேர்ந்து அந்தத் தொழிலையே ஒடுக்கின. ஒருகாலத்தில் மற்றவர்களுக்கு வழிகாட்டிய சுருட்டுத் தொழிலாளர் சங்கம் 1974-இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து மறைந்தது.

கையில் வாங்கிய சந்தா, சம்பளத்தில் பிடித்த சந்தா

தொடக்கத்தில் சந்தா கைக்குக் கைதான் வாங்கப்பட்டது. உறுப்பினரிடம் ஒரு சிறு புத்தகம் இருக்கும். சந்தா கட்டினால் அதில் ஒரு முத்திரைத் தலை ஒட்டப்படும். 1905-இல் சிகாகோவில் தோன்றிய உலகத் தொழில் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு அட்டை இவ்வகையில் புகழ்பெற்றது. ஊர் ஊராக அலையும் கூலிகளிடம், வேலையிடத்திலேயே சங்கப் பிரதிநிதி சந்தா வாங்கி முத்திரை ஒட்டினார். காம்பர்ஸ் வழிக்கு இவர்கள் நேர் எதிர். உயர்ந்த சந்தா ஏழைத் தொழிலாளியை வெளியே நிறுத்தும், பெருத்த கையிருப்பு சங்கத்தைக் கோழையாக்கும் என்பது இவர்கள் வாதம். இந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

மற்றொரு வழி, முதலாளியே சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவது. இதற்கு ‘செக்-ஆஃப்’ என்று பெயர். இலங்கை மலையகத்திலும் மலேசியத் தோட்டங்களிலும் செக்ரோலில் சந்தா பிடிக்கப்படுவதை அறிந்த நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது தலைகாட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கங்கள் அளித்த உறுதிக்குக் கைம்மாறாக, போர்த் தொழிலாளர் வாரியம் சங்க உறுப்பினர் எண்ணிக்கை சரியாதிருக்கப் பாதுகாப்பு வழங்கியது. அதனோடு செக்-ஆஃபும் பரவியது. 1947-இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதற்கு ஓர் எல்லை கட்டியது. ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், அந்த ஒப்புதல் ஓராண்டுக்கு மேல் அவரைக் கட்டிப்போடக் கூடாது என்றது.

செக்-ஆஃப் வந்தபின் பொருளாளரின் வேலை எளிதாயிற்று. மாதம் ஒரு காசோலை, அதனோடு ஒரு பட்டியல். ஆனால் இழப்பும் இருந்தது. முன்பு சந்தா வாங்க வருபவரிடம் தொழிலாளி குறை சொல்வார், திட்டுவார், செய்தி கேட்பார். அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் நடுவே சம்பளச் சீட்டில் ஒரு வரி மட்டுமே மிஞ்சியது. அந்த வரி முதலாளியின் கையில் இருக்கிறது என்பதும் மறக்கக் கூடாதது.

1959-ஆம் ஆண்டுச் சட்டம்

1957-இல் அமெரிக்க செனட் சபை, ஜான் மெக்லெல்லன் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழுவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைவர் டேவ் பெக் சங்கப் பணத்தைத் தன் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியது உட்படப் பல செய்திகள் வெளிவந்தன. இதன் விளைவாக 1959 செப்டம்பரில் லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் வந்தது. பெரிய தலைவர்களின் ஊழலால் பிறந்த சட்டம் என்றாலும், அதன் விதிகள் ஊர்க்கோடியில் உள்ள சிறு கிளையின் பொருளாளர் மேலும் விழுந்தன. முக்கியமானவை இவை:

1. கிளை தன் சந்தாவை உயர்த்த வேண்டுமானால் உறுப்பினர்களின் இரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும்.

2. நிதியாண்டு முடிந்த 90 நாட்களுக்குள் தொழிலாளர் துறைக்கு ஆண்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். அது பொது ஆவணம், யாரும் பார்க்கலாம்.

3. தக்க காரணம் காட்டும் உறுப்பினர், அந்த அறிக்கையைச் சரிபார்க்க மூலக் கணக்குப் புத்தகங்களையே பார்க்கலாம். ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

4. பணத்தைக் கையாளுபவர்களுக்கு, கையாளும் தொகையில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் உத்தரவாதப் பத்திரம் எடுக்க வேண்டும். சொத்தும் ஆண்டு வரவும் 5,000 டாலரைத் தாண்டாத மிகச் சிறு கிளைகளுக்கு விலக்கு உண்டு.

5. நிர்வாகிக்கோ ஊழியருக்கோ சங்கம் கொடுக்கும் கடன் 2,000 டாலரைத் தாண்டக் கூடாது.

6. சங்கப் பணத்தைக் கையாடினால் ஐந்தாண்டு வரை சிறை.

ஆண்டு அறிக்கை மூன்று வகைப்படும். ஆண்டு வரவு 10,000 டாலருக்குக் குறைந்தால் எல்.எம்.-4 என்ற சிறு படிவம். அதற்கு மேலே எல்.எம்.-3. பெரிய சங்கங்களுக்கு எல்.எம்.-2; 2003-இல் வகுத்த விதி இதன் எல்லையை 2,50,000 டாலர் என்று வைத்தது. மாநில, நகர அரசு ஊழியர்களை மட்டுமே கொண்ட கிளைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.

எல்.எம்.-3 படிவம் சில பக்கங்களே கொண்டது. ஆனால் ஒரே கிளையின் படிவங்களைப் பத்து இருபது ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் படித்தால் அது ஒரு நாவல். உறுப்பினர் எண்ணிக்கை, ஒவ்வொரு நிர்வாகிக்கும் கொடுத்த தொகை, ஆண்டு தொடக்கத்திலும் முடிவிலும் கையிருப்பு, சந்தா வீதம், ‘இவ்வாண்டில் பணமோ பொருளோ குறைந்தது கண்டுபிடிக்கப்பட்டதா?’ என்ற கேள்வி என எல்லாம் அதில் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு கிளையை நாமே கற்பனை செய்துகொள்வோம். உறுப்பினர்கள் 120 பேர். சந்தா மாதம் 30 டாலர். வங்கியில் சேமிப்பு 20,000 டாலர்.

ஆண்டு வரவு: 120 × 30 × 12 = 43,200 டாலர்.

தலைமைச் சங்கத்துக்குத் தலைவரி மாதம் 18 டாலர் என்றால் 25,920 போய்விடும். நகரத்துச் சங்கங்களின் கூட்டவைக்குத் தலைக்கு மாதம் ஒரு டாலர் என்றால் 1,440. மீதி 15,840.

இனி உள்ளூர்ச் செலவு. தலைவருக்கும் பொருளாளருக்கும் சிறு மதிப்பூதியம் 4,200. கூட்ட அறை வாடகை 3,000. நடுவர் விசாரணைக்கு 4,000. தபால், காகிதம், உத்தரவாதப் பத்திரம், வரிக் கணக்கு ஆகியவற்றுக்கு 1,500. மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்ப 2,000. மலர்வளையம், நோயுற்றோருக்குப் பழக்கூடை, குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து 900. மொத்தம் 15,600. ஆண்டு முடிவில் மிஞ்சுவது 240 டாலர்.

இப்போது ஆலையில் ஒரு ஷிப்டை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் 80 பேர். வரவு 28,800. மேலே செல்லும் தலைவரியும் கூட்டவைப் பங்கும் ஆளுக்கேற்பக் குறைந்து 18,240 ஆகும். மீதி 10,560. ஆனால் அறை வாடகை குறையாது. நடுவர் தன் கட்டணத்தைக் குறைக்க மாட்டார். மாநாட்டுக்குப் போகும் விமானச் சீட்டு அதே விலைதான். உள்ளூர்ச் செலவு அதே 15,600 என்றால் பற்றாக்குறை ஆண்டுக்கு 5,040 டாலர். 20,000 டாலர் சேமிப்பு நான்காம் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் குறைந்ததற்கே இந்தக் கதி.

சந்தாவை உயர்த்தலாமே என்று கேட்கலாம். ஒருவருக்கு மாதம் 5 டாலர் 25 சென்ட் கூட்டினால் துண்டு விழாது. ஆனால் வேலை போகுமோ என்று அஞ்சும் 80 பேரிடம் அதற்கு வாக்குக் கேட்க வேண்டும். பல கிளைகளில் இந்த வாக்கெடுப்பு தோற்கும். அல்லது தோற்குமென்று பயந்து நடத்தாமலே விட்டுவிடுவார்கள். சந்தா ஒரே தொகையாக நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே போகும். 2004-இல் 30 டாலருக்கு வாங்கிய பொருளை 2024-இல் வாங்க ஏறத்தாழ 50 டாலர் வேண்டும். இதைத் தவிர்க்கவே பல பெரிய சங்கங்கள் சந்தாவைச் சம்பளத்தோடு கட்டின. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் 2002 முதல் மாதச் சந்தா இரண்டரை மணி நேரக் கூலி. மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தில் 1967 முதல் இரண்டு மணி நேரக் கூலியாக இருந்தது 2014-இல் இரண்டரை மணி நேரமாயிற்று.

முதலில் வெட்டப்படுவது எது?

கணக்கு வெறும் கணக்காக இல்லாமல் மனிதர் விஷயமாக மாறும் இடம் இதுதான். பற்றாக்குறை வந்தால் எதைக் குறைப்பது?

வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளி சங்கத்திடம் முறையிடுகிறார். நிர்வாகத்தோடு பேசியும் தீராவிட்டால் ஒப்பந்தப்படி நடுவரிடம் போகலாம். 1960-இல் உச்ச நீதிமன்றம் எஃகுத் தொழிலாளர் வழக்குகள் மூன்றில் அளித்த தீர்ப்புகளுக்குப் பின், நடுவரின் முடிவே பெரும்பாலும் இறுதியானது. நடுவரின் கட்டணத்தைச் சங்கமும் நிறுவனமும் பாதிப்பாதியாகப் பகிர்வது பொதுவான வழக்கம். நிறுவனத்துக்கு அது சில்லறைச் செலவு. 80 பேர் கொண்ட கிளைக்கு அது ஆண்டின் மிஞ்சிய பணம் முழுவதும். அதே ஆண்டில் இரண்டாவது ஆள் முறையிட வந்தால் என்ன செய்வது?

1967-இல் வாகா எதிர் சைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா முறையீட்டையும் நடுவரிடம் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு இல்லை என்றது. ஆனால் மனம் போனபடியோ, பாரபட்சமாகவோ, தீய எண்ணத்தோடோ ஒரு முறையீட்டைக் கைவிடக் கூடாது என்றும் சொன்னது. எனவே மாலையில் மூன்று நான்கு பேர் கூடி, இந்த வழக்கில் வெல்ல முடியுமா என்று முடிவெடுக்கிறார்கள். நியாயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் வங்கி இருப்பு எவ்வளவு என்பதும் அறையில் எல்லோர் மனத்திலும் இருக்கும். நிர்வாகமும் அதை அறியும்; கிளையின் ஆண்டு அறிக்கை பொது ஆவணம்தானே! வெளிப்படையான கணக்கு உறுப்பினருக்குத் தரும் அதே அறிவை எதிர்த்தரப்புக்கும் தருகிறது.

பணம் காணாமல் போகும் வழிகள்

பெரிய ஊழல்கள் செய்தித்தாளில் வரும். மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர், கேரி ஜோன்ஸும் டென்னிஸ் வில்லியம்ஸும், சங்கப் பணத்தை வீணடித்த வழக்கில் 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2021-இல் சிறைத் தண்டனை பெற்றனர். சிறு கிளைகளில் நடப்பது வேறு வகை. ஒரே ஆள் காசோலை எழுதுவார், அவரே பதிவு செய்வார், அவரே வங்கி அறிக்கையைப் பிரிப்பார். யாரும் அவரைக் கேட்பதில்லை. பல ஆண்டு நண்பர், நம் கல்யாணத்துக்கு வந்தவர் என்று தயக்கம்.

அதிகம் தடுமாற்றம் வரும் இடம், சங்க வேலைக்காக ஆலையில் விடுப்பு எடுக்கும் நிர்வாகிக்கு இழந்த கூலியைச் சங்கம் ஈடு செய்வது. எந்த நாள், எத்தனை மணி, என்ன வேலை என்று எழுதி வைக்காவிட்டால் உண்மையாய் உழைத்தவரும் சந்தேகத்துக்கு உள்ளாவார். அடுத்தது, இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதி. தலைவர் ஊரில் இல்லாதபோது சிரமம் வேண்டாமென்று வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுப்பார். அந்த நிமிடமே விதி செத்துப்போகிறது. தொழிலாளர் துறை, சிறு சங்கங்களின் டிரஸ்டிகளுக்காகப் பத்துப் படிகளில் தணிக்கை செய்யும் முறையை ஒரு கையேடாகவே வெளியிட்டது. அதன் சாரம் எளிது: வங்கி அறிக்கையை வங்கியிடமிருந்து வந்தபடியே பாருங்கள்; முதலாளி அனுப்பிய சந்தாக் காசோலைகள் எல்லாம் வங்கியில் சேர்ந்தனவா என்று பாருங்கள்; ஒவ்வொரு செலவுக்கும் சீட்டும் ஒப்புதலும் கேளுங்கள்.

கேட்பது நட்புக்கு மாறானது என்ற எண்ணமே எல்லாக் கையாடல்களுக்கும் வாசல். நம் புலம்பெயர் தமிழ்ச் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்குப் படிக்கும்போது காபி குடிக்க எழுந்து போகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

சந்தா கட்டாதவரும் சங்கமும்

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு வேலையிடத்தில் பெரும்பான்மை பெற்ற சங்கம் அங்குள்ள எல்லாத் தொழிலாளருக்கும் பிரதிநிதி. உறுப்பினர் அல்லாதவருக்கும் ஒப்பந்தம் பொருந்தும். அவருக்காகவும் வாதாட வேண்டும். அப்படியானால் அவர் செலவில் பங்கு தர வேண்டாமா? இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் பலமுறை எழுந்தது. 1947-இன் சட்டம் இதை மாநிலங்கள் தடைசெய்ய இடம் தந்தது. 1977-இல் அபூட் வழக்கில், அரசுத் துறையில் பேச்சுவார்த்தைச் செலவுக்கான பங்கை வாங்கலாம், அரசியல் செலவுக்கு வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1988-இல் பெக் வழக்கில் தனியார் துறைக்கும் ஏறத்தாழ அதே நிலை வந்தது. 2018 ஜூனில் ஜேனஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் அபூட் தள்ளப்பட்டது. அன்றுமுதல் எந்த அரசு ஊழியரிடமும் அவர் சம்மதமின்றி ஒரு காசும் வாங்க முடியாது. மிச்சிகன் மாநிலம் 2012-இல் கட்டாயப் பங்கைத் தடைசெய்து, தனியார் துறைக்கு அத்தடையை 2023-இல் நீக்கியது.

கட்டாயம் பேச்சுரிமைக்கு மாறானது என்பது ஒரு தரப்பு. பலனை மட்டும் பெற்றுச் செலவைப் பிறர் தலையில் வைப்பது நியாயமா என்பது மறுதரப்பு. சிறு கிளையின் பொருளாளருக்கு இது தத்துவம் அல்ல. 120 பேருக்காக வாதாட வேண்டும், 80 பேரின் சந்தாதான் வரும் என்பதே அவர் அறிந்த தீர்ப்பு. ஆனால் இதனால் சில கிளைகளில் ஒரு பழைய வழக்கமும் திரும்பியது. பிரதிநிதிகள் மீண்டும் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ப் பேசத் தொடங்கினார்கள்.

கடைசி அறிக்கை

1950-களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 1983-இல் இது 20.1 சதவீதம், 2024-இல் 9.9 சதவீதம். இந்தச் சரிவில் எண்ணற்ற சிறு கிளைகள் பெரிய கிளைகளோடு இணைந்தன. இணைந்தால் முழுநேர ஊழியரும் வழக்கறிஞரும் கிடைப்பார்கள். ஆனால் கூட்டம் நூறு மைல் தள்ளி நடக்கும், நம் ஆலையின் பெயர் தெரிந்தவர் மேடையில் இருக்க மாட்டார்.

ஒரு கிளை மறையும்போது 30 நாட்களுக்குள் இறுதி அறிக்கை ஒன்று அனுப்ப வேண்டும். அதுவும் அதே படிவம்தான். உறுப்பினர் எண்ணிக்கை, மீந்த பணம், அது யாருக்குப் போயிற்று என்ற விவரம், இரண்டு கையெழுத்து. மூடும் நாள் வரை கணக்கை ஒழுங்காக வைத்திருந்து, கடைசி மின்கட்டணத்தையும் செலுத்தி, நாற்காலிகளை யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் எழுதிவைத்துப் போன பொருளாளர்கள் உண்டு. டெட்ராய்ட்டின் வால்டர் ராய்த்தர் நூலகத்திலும், நியூயார்க்கின் டாமிமென்ட் நூலகத்திலும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் கீல் மையத்திலும் தொழிற்சங்கங்களின் பழைய ஆவணங்கள் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை இன்று ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

தொழிலாளர் வரலாறு எழுத விரும்பும் நம் எழுத்தாளர்களுக்கும் இது ஒரு குறிப்பு. மலையகத்திலோ மலேயாவிலோ சென்னை ஆலைகளிலோ இருந்த சங்கங்களின் பழைய சந்தாப் புத்தகங்கள் எங்கேனும் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தால், அவற்றை எடைக்குப் போடாமல் காப்பாற்றி வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருக்கும் அந்தச் சிறு தொகை, ஒரு மனிதர் தன் கூலியிலிருந்து பிரித்து, பிறரையும் நம்பிக் கொடுத்தது.